ஸ்டாங்கா நின்ற இடம்

கானின் என்ற மலைக்கு அடியிலுள்ள குகையில் எடுத்த எங்கள் படங்களில் எதைப் பார்த்தாலும் ஒரு மூலையில் சிவப்பாகப் பொட்டு ஒன்று இருக்கும். அது ஸ்டாங்கா. குகை எவ்வளவு பெரியது என்று தெரிய ஓர் ஆள் நிற்க வேண்டும். எங்கள் குழுவில் அந்த ஆள் அவள்தான். முகம் எந்தப் படத்திலும் கிடையாது.

கயிற்றில் இறங்கி நனைந்து வருகிறவர்களின் உடம்பிலிருந்து அந்தக் குளிரில் ஆவி கிளம்பும். பின்னாலிருந்து பிளாஷ் அடித்தால் அது வெள்ளைத் திரையாகித் தொங்கும். குகை காணாமல் போகும். ஸ்டாங்காவின் உடம்பு மட்டும் சீக்கிரம் ஆறிவிடும்.

"பகல் பூரா ஹோட்டல் சலவைக்கூடத்து ஆவியிலதானே கெடக்கேன். இங்க வந்து விட என்ன மிச்சமிருக்கு?" என்பாள்.

படமெடுக்கும் இஸிதோர் ஒருகாலத்தில் அவள் கணவர். விவாகரத்தில் வீடு அவளுக்கு, கார் அவருக்கு. ஆயிரம் மீட்டருக்கும் கீழே இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த குகைக்கூடம் மட்டும் பிரிபடாமல் நின்றது. அதற்கு இன்னும் நல்ல படம் அமையவில்லை.

"அந்த ஒரு படம் கிடைக்கிற வரைக்கும் வர்றேன். அப்புறம் என் வீட்டுக் கதவைத் தட்டாதே" என்று அவள் எங்கள் ஊரான போவெட்ஸின் கடைத்தெருவில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள். ஆனால் கோடைதோறும் ஏதாவது குறுக்கே வந்தது. ஒருமுறை வெள்ளம். ஒருமுறை பிளாஷ் நனைந்துபோனது. அவள் மறுபடியும் வந்தாள்.

போன ஆகஸ்டில் நால்வர் இறங்கினோம். கயிறு கட்டும் ஸ்ரெச்கோ நாலாவது ஆள். கூடத்தின் ஓரத்தில் முகாம் போட்டுத் தூங்கி எழுந்து வேலையைத் தொடங்கினோம். ஸ்டாங்கா பாறைமேல் நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாதபடி பிளாஷோடு குந்தியிருப்பது என் வேலை. அவள் முகத்தைவிட அந்த முதுகு எனக்கு நன்றாகத் தெரியும்.

"விளக்கை அணைங்க!" என்றார் இஸிதோர்.

கல்லுக்குள் கல்லாக நின்றோம்.

"அடி!"

அடித்தேன். இஸிதோர் கேமராத் திரையைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "ஒரே வெள்ளை! எவன்டா மூச்சு விட்டது?"

"நான் போன வாரமே நிறுத்திட்டேன்" என்றான் ஸ்ரெச்கோ இருட்டிலிருந்து.

மறுபடி அடித்தேன். மறுபடியும் வெள்ளை. விளக்கை மெல்ல ஏற்றிப் பார்த்தேன். அவள் தோளிலிருந்து, பால் பொங்கும் முன் எழுவது போல, ஆவி எழுந்துகொண்டிருந்தது. தெரியாமல் என் மணிக்கட்டு அவள் கழுத்தில் பட்டது. கொதித்தது.

"சொல்லாதே" என்றாள் திரும்பாமல். "இன்னிக்கு முடிஞ்சா, முடிஞ்சுது."

இன்னும் ஒருமுறை அடித்தேன். அவள் தடுமாறிக் கால் ஊன்றியதைப் பார்த்தபின் சொல்லாமலிருக்க என்னால் முடியவில்லை.

"இஸிதோர், இவங்களுக்குக் காய்ச்சல்."

கூடம் அதை என்னைவிடப் பெரிய குரலில் திருப்பிச் சொன்னது.

இஸிதோர் வந்து கையுறையைக் கழற்றி, புறங்கையை அவள் நெற்றியில் வைத்தார். "எப்பலேருந்து?"

"மலை ஏறும்போதே."

"பைத்தியமா உனக்கு? மேலயே சொல்லியிருந்தா திரும்பியிருக்கலாமே!"

"திரும்பிட்டு? அடுத்த வருஷமும் நான் வரணும். என்னால முடியல, இஸிதோர்."

காய்ச்சல் இறங்காமல் கயிறு ஏற முடியாது. ஸ்ரெச்கோ அவளை உலர்ந்த உடையிலும் தூக்கப் பையிலும் நுழைத்து, ரம் கலந்த தேநீரைக் கையில் கொடுத்தான். இஸிதோர் கேமராவின் முக்காலியை மடக்கப் போனார்.

"விடு அதை" என்றாள். "நீ போய் நில்லு. நான் எடுக்கறேன்."

"நானா? எனக்குக் குதிரை மாதிரி ஆவி வருமே."

"ஆறுற வரைக்கும் நில்லு."

ஸ்ரெச்கோ சிரித்தான். இஸிதோர் சிரிக்கவில்லை, போய் நின்றார். தூக்கப் பையோடு புழுப்போல நகர்ந்து அவள் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ரொட்டிக்கடைக் கதவைத் திறந்தது போல ஆவி தள்ளியது அவர் முதுகு.

"இன்னும் வருது" என்றாள்.

அவர் காலை மாற்றி வைத்தார்.

"ஆடாதே. ஆடினா மறுபடி சூடு ஏறும்."

நெடுநேரம் போயிற்று. அவர் பல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

"ஸ்டாங்கா, குளிருது."

"தெரியும்."

மெல்ல அவர் முதுகில் ஆவி மெலிந்து, இழையாகி, நின்றது.

"விளக்கை அணைங்க" என்றாள். "அடி!"

நிழல்களெல்லாம் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தன. அவள் திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"வந்துருச்சா?" என்றார் அங்கிருந்தே.

"வந்துருச்சு."

"எப்படி இருக்கு?"

"நீ ரொம்பச் சின்னதா இருக்கே."

காய்ச்சல் தணிந்ததும் ஏறினோம். அவள் பையை நாங்கள் சுமந்தோம். ஒவ்வொரு கயிற்றின் முடிவிலும் பாறையில் நெற்றியைச் சாய்த்து நின்றுவிட்டு வந்தாள். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. "அடுத்த கோடையில..." என்று வாய்ப்பழக்கத்தில் தொடங்கிய இஸிதோர் நிறுத்திக்கொண்டார். அவள் பையை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அந்தப் படம் இப்போது எங்கள் குகைச் சங்கக் கட்டடத்தில் மாட்டியிருக்கிறது. ஸ்டாங்கா இன்னும் வந்து பார்க்கவில்லை. சனிக்கிழமைகளில் மத்தியானம் வரை தூங்குகிறாளாம். கதவை யாரும் தட்டுவதில்லை.