வலமாகச் சுற்றிய வண்டி

டிரைவர் என் வலது கையைப் பிடித்து இழுத்து, லாரியின் முன்சக்கரத்துக்கு நடுவில் துருத்திக்கொண்டிருந்த இரும்புக் குமிழ் மேல் வைத்தார். வைத்த வேகத்திலேயே கையை எடுத்துக்கொண்டேன். தோசைக்கல் என்றால் மிகை. ஆனால் அன்று மாலை வரை பேனா பிடிக்கும் இடம் எரிந்தது. "இப்ப அந்தப் பக்கத்துச் சக்கரத்தைத் தொடுங்க சார்" என்றார். தொட்டேன். வெயிலில் நின்ற இரும்பு எவ்வளவு சுடுமோ அவ்வளவுதான் சுட்டது. "ரெண்டும் ஒரே ரோட்டுலதானே வந்துச்சு? இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஜுரம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் எனக்குத் தெரியாதவை ஏராளம். ஆனால் எல்லாம் தெரியும் என்பது போல முகத்தை வைத்துக்கொள்ள மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

சுற்று வட்டார ஏரிக்கரைகளைக் கவனிக்கும் அரசு அலுவலகம் ஒன்று. பெயர் வேண்டாம், அதில் இருந்தவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில் மாட வீதியில், கோயில் பக்கத்து வரிசையில் இருந்தது. அங்கே நான் இளநிலை எழுத்தன். நூலகத்தில் பாதியைப் படித்து முடித்திருந்ததால், என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது விதியின் எழுத்துப் பிழை என்று நம்பிக்கொண்டிருந்தேன். கோப்புகளில் தமிழ் புகத் தொடங்கியிருந்த காலம். தமிழில் குறிப்பு எழுத என்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு பேர் வேறு. அலுவலகத்துக்கு ஒரு லாரி உண்டு. ராணுவம் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட வண்டி. நான்கு சக்கரத்துக்கும் இஞ்சினின் இழுவை போகும். மழைக்காலத்தில் சேற்றுக் கரை மேல் மணல் மூட்டையோடு ஏற அதுதான் கதி. ஓட்டியவர் முசரவாக்கத்துப் பயிர்க்குடும்பத்துக்காரர். வேலைக்காக நகரத்தில், நெசவாளர் தெரு ஒன்றில் குடியிருந்தார்.

முன்பக்கத்தில் ஏதோ சத்தம் என்று அவர் சொல்லத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. "சக்கரத்துக்குள்ள யாரோ தறி போட்டுக்கினு இருக்காங்க சார்" என்பார். வேலை இல்லாத ஒரு முற்பகலில் வேடிக்கை பார்க்க நானும் ஏறிக்கொண்டேன். மனிதர் ஒரு வைத்தியரைப் போல நிதானமாக விசாரித்தார். ஓட்டத்தில் கியரை விலக்கி வண்டியைத் தானாக உருளவிட்டார், சத்தம் போகவில்லை. "அப்ப இஞ்சின் மேல பழி போட வேணாம்." முன்சக்கரத்துக்குப் போகும் இழுவையை எடுத்துவிட்டார், அப்போதும் போகவில்லை. பிறகு காலி ரோட்டில் வலது பக்கமாக வளைத்தார். சத்தம் அடங்கியது. இடது பக்கமாக வளைத்தார். 'உர்'ரென்று எழும்பி, நடுவில் டக் டக்கென்று அடித்தது. என் பாதத்துக்கே தெரிந்தது. "லெப்ட்ல ஒடிச்சா பாரமெல்லாம் ரைட்டு சக்கரத்துல வந்து உக்காருது. அது அழுவுது. ரைட்டுல ஒடிச்சா பாரம் போயிடுது, கம்முனு ஆயிடுது. புரியுதா சார்?" புரிந்தது. அதன் பிறகுதான் என் கையை அந்தச் சூட்டில் வைத்தார். கடைசியாக ஜாக்கி போட்டு வலது சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடியது. "மேல ஏறி பிரேக்கை மெறிங்க சார்." மிதித்தேன். மறுபடி ஆட்டினார். ஆட்டம் நின்றுபோயிருந்தது. "மெறிச்சும் ஆடுனா வேற எடம். மெறிச்சா நின்னுடுது பாருங்க, அப்ப பேரிங்குதான். மாத்தலைன்னா ஒரு நாளு சக்கரம் தனியாப் போயிடும், நாம தனியாப் போயிடுவோம்" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

பேரிங் மாற்ற மாவட்ட அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு, எங்கள் அதிகாரி நேரில் பரிசோதித்த குறிப்பு வேண்டும். மறுநாள் சாப்பாட்டு வேளைக்குப் பத்து நிமிடம் முன்பு அதிகாரி ஏறி உட்கார்ந்தார். குறிப்பெடுக்க நான் நடுவில். வாசலில் வலது பக்கம் திருப்பச் சொன்னார். கோயிலை வலமாகச் சுற்றினால் மூலைக்கு மூலை வலது திருப்பம்தான். திரும்பி வந்து அலுவலகத்துக்குள் நுழைவதும் வலது பக்கம்தான். டிரைவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"சார், ஒரே ஒரு தபா எடது பக்கமா சுத்தி வரலாம் சார். அப்பத்தான் சத்தம் கேக்கும்."

"எப்படி? அப்பிரதட்சிணமா? பெருமாளையா?"

"பெருமாளுக்கு இல்ல சார், பேரிங்குக்கு. இல்லாங்காட்டி முசரவாக்கம் ரோட்டுக்காவது போலாம் சார்."

"ஊர் சுத்த நேரமில்லை. வாயை மூடிண்டு வலமாப் போ."

அந்த வீதியில் யாரும் இடமாகச் சுற்ற மாட்டார்கள். இடது பக்கம் இரண்டு வீடு தள்ளியிருந்த வெற்றிலைக் கடைக்கும் நாலு வீதி சுற்றிப் போகிறவர் எங்கள் அதிகாரி. பெருமாள் மேல் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. தன் வீதியில் ஒரு லாரி எந்தப் பக்கம் வளைந்தது என்று அவர் கணக்கு வைத்திருக்க மாட்டார். வண்டி நான்கு திருப்பத்திலும் பட்டுத்துணி போல வழுக்கிக்கொண்டு போயிற்று. "எங்கேய்யா உன் சத்தம்?" என்று இறங்கினார் அதிகாரி. சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னபோது, சாப்பிடப் போகிற கையில் கிரீஸ் எதற்கு என்றார். என் பக்கம் திரும்பி, "எழுதிடுங்கோ" என்றார்.

எழுதினேன். இங்கேதான் என் கோபம் அவரை விட்டுவிட்டு என்னிடம் வருகிறது. 'ஆய்வில் சத்தம் கேட்கவில்லை. வலது பக்கமே திரும்பியதால் மீண்டும் ஆய்வு தேவை' என்று எழுதியிருக்கலாம். இரண்டு வரி. நான் எழுதியது இது: 'வலது முன்சக்கரத்தில் தறி ஓடுவதாக ஓட்டுநர் தெரிவிக்கிறார். நான்கு வீதி சுற்றியும் தறிச் சத்தம் கேட்கவில்லை. நெசவாளர் தெருவில் குடியிருப்பவரோடு வீட்டுத் தறியும் வேலைக்கு வந்துவிடுகிறது போலும். உண்மையிலேயே சக்கரத்தில் தறி ஓடுமானால், சேலையை நெய்து அறுத்ததும் அலுவலகத்தில் ஒப்படைக்கும்படி அவருக்கு உத்தரவிடலாம்.' அதிகாரி நெற்றி நாமம் சுருங்கச் சிரித்தார். மாவட்ட அலுவலகத்தில் படி எடுத்துக் கைமாற்றிப் படித்தார்களாம். அனுமதி வரவில்லை; பாராட்டு வந்தது. எனக்குக் கிடைத்த முதல் வாசகர்கள் அவர்கள்தான். அன்று இரண்டு காபி குடித்தேன்.

டிரைவர் என் மேசைக்கு வந்தார். "இன்னா சார் எழுதிக்கீறீங்க? அல்லாரும் என்னைப் பாத்து முந்தானை ஆச்சான்னு கேக்கறாங்க." படித்துக் காட்டினேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன், சிரிக்கிறாரா என்று. மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். "நல்லாத்தான் கீது சார். ஆனா பிரேக்கு நீங்கதானே மெறிச்சீங்க?" பேனாவுக்கு மூடி போட்டேன்.

ஐப்பசியில் தென்னேரிக் கரை கசிந்தது. மணல் மூட்டையோடு லாரி போயிற்று. கரைக்கு ஏறும் வழி இடது பக்கம் வளைகிறது. அந்த வளைவில் வலது முன்சக்கரம் கழன்று போக, வண்டி சரிந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த ஆட்கள் குதித்துவிட்டார்கள். டிரைவரால் குதிக்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று.

கவனக்குறைவாக ஓட்டி அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக அவர் மேல் விசாரணை. வண்டியில் குறையில்லை என்பதற்குச் சான்று என் குறிப்பு. விசாரித்தவர் அதைப் படிக்கும்போது அங்கேயும் சிரிப்பை அடக்கினார். கட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு டிரைவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். "இது நீங்க எழுதினதுதானே?" "ஆமாம் சார்." "அன்னிக்குச் சத்தம் கேட்டுதா?" "கேட்கலை சார்." இரண்டும் உண்மை. முந்தின நாள் கேட்டதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கும் இல்லை. அவரை வேலையை விட்டு நீக்கினார்கள்.

ஆறு மாதம் கழித்து மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்; திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "மேலிடத்துக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க சார். உக்காந்து பாக்கற வேலை எதுனா குடுத்தாப் போதும். நீங்க எழுதுனா படிப்பாங்க" என்றார். அவர் மனைவி அதுவரை என்னைப் பார்க்கவில்லை. அப்போது பார்த்து, "இந்த தபா சிரிப்பு வேணாங்க" என்றார்.

ஒரு பக்கம் எழுதினேன். இடது திருப்பத்தில் கேட்ட சத்தம், சூடு, பிரேக்கை மிதித்தவன் நான் என்பது, குறிப்பை வேடிக்கைக்காக எழுதினேன் என்பது எல்லாம். சாட்சி என்று என் கையெழுத்தும் போட்டேன். நானே மாவட்ட அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். கண்காணிப்பாளர் என் பெயரைக் கேட்டதும் எழுந்துவிட்டார். "அந்தத் தறி நோட்டு எழுதுனவரா? வாங்க வாங்க! ஏம்பா, இங்க வாங்கப்பா, யாரு வந்துகீறாருன்னு பாருங்க!" இன்னும் இரண்டு பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவர் மனுவை உரக்கப் படித்தார். மற்ற இருவரும் எந்த வரியில் சிரிக்கலாம் என்று உதட்டைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டார்கள். படித்து முடித்துத் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இன்னா சார், இதுல ஒண்ணுமே இல்லியே? அந்த நோட்டு மாதிரி எழுதக் கூடாதா?" என்று சொல்லி, கட்டுக்கு அடியில் செருகினார்.

அந்தக் கட்டிலிருந்து அது வெளியே வரவேயில்லை. டிரைவருக்கு எந்த வேலையும் கிடைக்கவில்லை. இப்போது என்னை நகைச்சுவை எழுத்தாளர் என்கிறார்கள். கூட்டங்களில் நான் வாயைத் திறக்கும் முன்பே முன்வரிசை சிரித்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு மேசையைக் கவிழ்க்கத் தோன்றுகிறது. கவிழ்க்க வேண்டிய மேசை அந்தக் கண்காணிப்பாளருடையது. அன்று அதன் முன்னால் நின்று நான் செய்தது என்னவென்றால், அவர்கள் மூவரும் ஏமாந்துவிடக் கூடாதே என்று, பல் தெரியச் சிரித்தேன்.