அக்கா வைத்த தண்ணீர் விலை

ஸ்டார்ட்டர் ‘டக்’கென விழும், குழாய் ஒருமுறை இருமும், குபீரென்று தண்ணீர்! அக்கா போய் ஓராண்டாகியும் அந்தச் சத்தம் கேட்டதும் ஓடிவிடுகிறேன். முதல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, உப்பு ஏறியிருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பாரே, அந்த இடத்துக்கு!

சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே, கடற்காற்று எட்டும் கழனி ஊரில் பிறந்தவர் அக்கா. மாமா இளவயதில் மறைந்தபின் மகளையும் கிணற்றையும் தனியாளாகக் காத்தார். அடிவரை இறைத்த பக்கத்துக் கிணறுகளில் உப்புநீர் புகுந்துகொண்டிருந்த காலம் அது. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆட்டோ ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஊரே தூங்கும். கரண்ட் வந்தால் மோட்டார் தானே ஓடி, கழனி நிறைந்து ரோட்டில் வழியும். அக்காவின் கிணற்றிலிருந்து பாய்ச்சியவர்களும் அப்படித்தான்.

ஒருநாள் அக்கா அறிவித்தார்: இனி ஒரு மணி நேரத் தண்ணீருக்கு, அறுப்பில் ஒரு மரக்கால் நெல்.

“இன்னாக்கா, கரண்டே ஓசி. தண்ணிக்கு வெலயா?” என்று குதித்தார் அடுத்த கழனி வேலு அண்ணன்.

“கரண்டு ஓசி. கெணறு இன்னா, உன் மாமியாரு ஊட்டு சீரா?”

கோபத்தில் கொஞ்ச நாள் எல்லோரும் அக்கா வீட்டைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனார்கள். பிறகு பாருங்கள் அதிசயத்தை! எலி வளைகள் அடைபட்டன, வரப்புகள் நிமிர்ந்தன, மேட்டுக் கழனியில் நெல் போய் வேர்க்கடலை வந்தது. வேலு அண்ணன் மோட்டாரை நிறுத்தச் சாப்பாட்டுக் கையோடு ஓடுவார்!

அப்போதுதான் மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குத் தண்ணீர் அடிக்கும் டேங்கர்காரர் வந்தார். “லோடுக்கு இன்னா வோணும், சொல்லும்மா. டப்பு கைமேல.”

மகளின் கல்யாணமோ நெருங்கியிருந்தது. வேலு அண்ணனின் நெல்லோ தண்ணீர் தவறக்கூடாத, பால் பிடிக்கும் பருவம். அவர் மண்வெட்டியை ஊன்றி அக்காவின் முகத்தையே பார்த்தார்.

“இங்க வெல நெல்லுதான். ஓட்டலு மாடில நாத்து நடப்போறியா நீ?” என்றார் அக்கா.

டேங்கர்காரரே சிரித்துவிட்டார்! காலி லாரி குலுங்கிக்கொண்டே திரும்பியது. கல்யாணம் சிறியதாக நடந்தது. பந்தியில் விழுந்த சோறெல்லாம் அந்த மரக்கால் நெல்.

கடைசியில் நோயில் விழுந்த அக்காவைச் செங்கல்பட்டு மருத்துவமனைக்குச் சுமந்தோடிய கைகளுக்கும், முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும், அந்நாட்களில் எங்கள் கழனிக்கும் சேர்த்து மடை திருப்பிய வேலு அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

கடைசி நாளன்று, கேட்டாரே என்று கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் கொண்டுபோனேன். ஒரு ஸ்பூன் நாக்கில் வைத்தார். முகம் மலர்ந்தது.

“உப்பு ஏறல. நீ இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற? போ, வேலு கய்னி காஞ்சுகினு கீது.”