அவள் சொல்ல வைத்திருந்த செய்தி

அந்த வாலிபால் அணியின் பயிற்சியாளரை யாரும் பயிற்சியாளர் என்று அழைத்ததில்லை. புதிதாக வந்து சேரும் பெண் முதல், சம்பளம் போடும் மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். முதுகுக்குப் பின்னால் மட்டும் ‘நாடி அக்கா’. அந்தப் பெயர் தன் காதுக்கு எட்டவில்லை என்று பெண்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். எட்டியிருந்தது. உள்ளூர அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது.

மைதானத்துக்குப் பின்னால் இருந்த மாடி வீடுதான் அணியின் விடுதி. கீழ் அறையில் அக்கா, மேலே பெண்கள். விடிந்ததும் அக்கா மாடி ஏறுவார். பெண்கள் கண் விழிப்பதற்கு முன்பே கட்டில் கட்டிலாகப் போய் விளிம்பில் உட்கார்ந்து, போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்து, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்ப்பார். “படுக்கையில இருக்கும்போது துடிக்கிறதுதான் நிஜத் துடிப்பு. எழுந்து பல்லு தேச்சுட்டா அதுவும் பவுடர் பூசிக்கும்” என்பார். எந்த அறைக்கும் தாழ்ப்பாள் போடக்கூடாது என்பது விடுதியின் ஒரே சட்டம். யாருடைய நாடி எந்த வேகத்தில் ஓடும் என்பது, பிள்ளைகளின் செருப்பு அளவு தாய்க்குத் தெரிவதுபோல் அவருக்கு மனப்பாடம்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. அவர் விளையாடிய காலத்தில் ஒரு தோழி காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஆட வந்தாள். இரண்டாவது செட்டில் விழுந்தாள். இதயம் கெட்டுப்போய்விட்டது என்றார்கள். பிறகு அவள் பந்தைத் தொடவே இல்லை. “பக்கத்துக் கட்டில்லதான் படுத்திருந்தேன். கையத் தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே” என்று அக்கா சொல்லாத வருஷம் இல்லை. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அணியே குடும்பம் என்று ஆகிவிட்டது. குடும்பம் என்றால் கதவு எதற்கு?

நாடி காய்ச்சலை மட்டும் சொல்லவில்லை. யார் தூங்கவில்லை, யார் அழுதாள், யாருக்குப் புதிதாகக் காதல் வந்திருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னது.

“நேத்து யார்கிட்டடி சண்ட?”

“ஐயோ, நாடி பாக்குறீங்களா, ஜோசியம் பாக்குறீங்களா?” என்று போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்வாள் சுண்டெலி. அணியிலேயே குள்ளமானவள், வாய் மட்டும் முழ நீளம்.

“சண்டை போட்டவனுக்கு நான் போன் போடட்டுமா?”

போடவும் செய்வார். ஒருத்தியின் அம்மாவுக்கு, இன்னொருத்தியின் வருங்கால மாமனாருக்கு என்று பேசிச் சரிக்கட்டிய விவகாரங்கள் ஏராளம். துடிப்பை எண்ணும் கைக்கடிகாரங்களை ஒரு நிறுவனம் இலவசமாகத் தர வந்தபோது, “அது எண்ணும், கவலைப்படுமா?” என்று திருப்பி அனுப்பிவிட்டார். தம் பொறுப்பில் இருப்பவர்கள் சம்பாதிக்கும் பெண்கள், சிலர் மணமானவர்கள், வாக்குப் போடுகிறவர்கள் என்பது அவர் நினைவுக்கு வந்ததே இல்லை. அவர்களுக்கும் அதை நினைவூட்டத் தோன்றவில்லை. அவ்வளவு அன்பாக ஒருவர் கையைப் பிடிக்கும்போது எப்படி உதறுவது?

வலைக்கு முன்னால் எம்பித் தடுப்பதில் அந்த அணியில் ஒருத்திக்கு ஈடு கிடையாது. உயரத்தால் அவளுக்கு ‘ஏணி’ என்று பெயர். “எதிரணிக்காரி ஏணி வெச்சாலும் எட்டாது, நாம ஏணியையே வெச்சிருக்கோம்” என்பாள் சுண்டெலி. ஏணி அதிகம் பேசாதவள். கணவன் சரக்குக் கப்பலில் வேலை. பாதி வருஷம் கடலில். மாமியார் வீடு தொலைவில். அக்காவுக்கு அவள்மேல் தனிப் பிரியம், அவளுக்கும் அப்படியே. விடியற்காலையில் அக்கா அறைக்குள் வந்தால் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டுகிறவள் அவள் ஒருத்திதான்.

அரையிறுதிக்கு முந்தைய வாரங்களில் ஒருநாள் அந்தக் கையில் துடிப்பு விரைவாக இருந்தது. உடம்பு சுடவில்லை. உழைப்பு கூடிவிட்டது என்று நினைத்து, அக்கா அவளுக்குப் பயிற்சியைக் குறைத்தார். துடிப்பு இறங்கவில்லை. தூக்கம் கெட்டதோ என்று பார்த்தார், அதுவும் இல்லை. பிறகு ஒரு மாலை, யாரோ முழங்காலில் வலித் தைலம் தேய்க்கத் தொடங்கியதும் ஏணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். ஆண்டுக்கணக்காக அந்தத் தைல வாசனையிலேயே வாழ்ந்தவள். அக்காவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது.

அன்று இரவு முழுக்க அவர் கால் தரையில் பாவவில்லை. பாவம், பெண்ணுக்கே இன்னும் தெரியாது போலிருக்கிறது, தெரிந்தால் என்னிடம் சொல்லாமல் இருப்பாளா என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. அவர் தெரிந்துகொள்கிறவர்.

மறுநாள் எம்பித் தடுக்கும் பயிற்சி. ஏணி வலைப்பக்கம் போனதும் அக்கா விசில் ஊதினார்.

“நீ குதிக்க வேணாம். ஓரமா உக்காரு.”

“முதுகுதான் அக்கா, கொஞ்சம்...”

“உக்காருன்னா உக்காரு.”

சுண்டெலி சும்மா இருப்பாளா? “என்ன அக்கா, ஏணியச் சுவத்துல சாச்சு வெச்சிட்டீங்க? இனிமே நான்தான் குதிக்கணுமா? வலைக்கு அடியிலதான் போவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அடக்கி வைத்திருந்த மகிழ்ச்சி அந்தச் சிரிப்போடு சேர்ந்து நழுவிவிட்டது.

“அவ இனிமே ஒரு ஆள் இல்லடி. ரெண்டு ஆள எப்படி ஒரு இடத்துல இறக்குறது?”

மைதானமே கூச்சலிட்டது. பெண்கள் ஓடிப்போய் ஏணியைக் கட்டிக்கொண்டார்கள். கும்பலுக்கு மேலே அவள் முகம் மட்டும் தனியாகத் தெரிந்தது. அதில் வியப்பு இல்லை. அதுதான் அக்காவை முதலில் குத்தியது. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பந்துகள் அடுக்கி வைக்கும் அறையில் ஏணி நின்றிருந்தாள். அக்கா கதவைத் தட்டாமல்தான் போனார்.

“தெரிஞ்சிருந்தும் ஏன்டி என்கிட்ட சொல்லல?”

“யார்கிட்டயும் சொல்லல அக்கா. அவர்கிட்டகூட.”

“என்னடி இது? புருஷன்கிட்ட சொல்லாம...”

“போன முறை லீவுல வீட்டுக்குப் போயிருந்தப்போ ஒண்ணு நின்னு கலைஞ்சுது. அது உங்களுக்குத் தெரியாது. அப்ப எல்லாருக்கும் சொல்லிட்டேன். அப்புறம் ஒவ்வொருத்தருக்கா இல்ல, போயிடுச்சு, இல்ல, போயிடுச்சுன்னு நானே சொல்ல வேண்டியதாச்சு. கடைக்காரர் வரைக்கும். அதான் இந்தத் தடவ டாக்டர் துடிப்பு கேக்குதுன்னு சொல்லட்டும், அவர் கப்பல்லேருந்து இறங்கட்டும், நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். அது வரைக்கும் குதிக்காம இருக்க முதுகு வலின்னு ஒரு பொய்யும் தயாரா வெச்சிருந்தேன்.”

“உன் நல்லதுக்குத்தான்டி...”

“தெரியும். நீங்க கெட்டது நினைக்க மாட்டீங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “நான் கையக் கொடுத்தது ஆட்டத்துக்கு அக்கா. வயித்துக்கு இல்ல.”

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஏணியின் கைபேசி கூவத் தொடங்கிவிட்டது. அணிக்காரர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்திருக்கும் கைபேசிக் குழு ஒன்று உண்டு. அக்கா ஆசையாகத் தொடங்கி வைத்தது. யாரோ ஒரு பெண் சந்தோஷம் தாங்காமல் அதில் வாழ்த்து போட்டிருந்தாள். மாமியார் பார்த்தார். நாத்தனார் பார்த்தார். கப்பல் ஏதோ துறைமுகத்தை நெருங்கிச் சிக்னல் கிடைத்தபோது, கணவனும் பார்த்தான். வாழ்த்துகளின் அடியில் கடைசியாக.

“ஊருக்கெல்லாம் சொல்லிட்டுக் கடைசியா எனக்கா?” என்று அவன் கேட்டானாம். அவள் அன்றே பெட்டி கட்டினாள். அரையிறுதியில் அணி தோற்றது. அதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

மாதங்கள் கழிந்தன. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று சுண்டெலி வந்து சொன்னாள். அக்காவுக்கு மூச்சு வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, இனி அவளுக்குக் கோபம் எதற்கு என்று தேறிக்கொண்டு, குழந்தைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு ரயிலேறினார்.

கதவைத் திறந்தவள், “வாங்க மேடம்” என்றாள்.

உட்கார வைத்தாள், காப்பி கொடுத்தாள், குழந்தையை மடியில் வைத்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. பள்ளிக்கூட ஆய்வாளர் வந்தால் எப்படி நடப்பார்களோ அப்படி. அக்காவால் தாங்க முடியவில்லை.

“அதான் தங்கம் மாதிரி பொறந்துடுச்சே. இன்னும் கோபத்த விடக்கூடாதா?”

ஏணி குழந்தையின் காலுறையைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்: “நல்லபடியா பொறக்கலன்னா என்ன பண்ணியிருப்பீங்க?”

அக்கா குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். ரயிலில் திரும்பும்போது அந்தக் கேள்வி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது. தாம் மன்னிப்புக் கேட்கவே இல்லை, கணக்கு முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் போனோம் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. இறங்கித் திரும்பிப் போகலாமா என்று நினைத்தார். போகவில்லை.

ஏணி வேறொரு அணியில் சேர்ந்தாள். போட்டிகளில் எதிரெதிரே வந்தால் கைகுலுக்குவார்கள். “நல்லா இருக்கீங்களா மேடம்?” “இருக்கேன்மா.” அவ்வளவுதான்.

விடுதியில் தாழ்ப்பாள்கள் பொருத்தப்பட்டன. விடியற்காலை வலம் நின்றது. பெண்களுக்கு முதலில் நிம்மதி, பிறகு ஏதோ குறை. “அக்கா, நாங்க என்ன தப்பு பண்ணினோம்?” என்று சுண்டெலி ஒருநாள் கேட்டேவிட்டாள். அக்கா, “தப்பு உங்களுது இல்லடி” என்று சொல்லி, வலையின் கயிற்றை இழுத்துக் கட்டப் போய்விட்டார். ஒருத்தி அழுது வீங்கிய கண்ணோடு வந்தாலும் இப்போது கேட்கத் தயங்கினார். அளவுக்கு மீறி நெருங்கியவருக்கு எவ்வளவு விலக வேண்டும் என்பதிலும் அளவு தெரியவில்லை.

சில வருஷங்களில் அவருக்கு நோய் வந்தது. பெயர் சொன்னாலே எதிரில் இருப்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் நோய். வேலையை விட்டுவிட்டுத் தம்பி வீட்டு மாடியறைக்கு வந்தார். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று தம்பி மனைவியிடம் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் நல்லவர், ஆனால் வாய் தாங்காது. நலம் விசாரித்த ஒரு பழைய ஆட்டக்காரியிடம் கண்ணீரோடு சொல்லிவிட்டார். அடுத்த நாளிலிருந்து படியில் செருப்புச் சத்தம் ஓயவில்லை. பழக்கூடைகள், அழுகைகள். “எப்படி இருந்த அக்கா!”

“தப்பு பண்ணிட்டேன் அண்ணி” என்று தம்பி மனைவி வந்து நின்றார்.

“உன்மேல கோபமில்லம்மா. நானே எனக்கு இன்னும் முழுசா சொல்லிக்கல. அதுக்குள்ள ஊரு வந்து சொல்லுது.” பிறகு சுவரைப் பார்த்தபடி, “இப்படித்தான் இருந்திருக்கும் அவளுக்கு” என்றார்.

வராத ஒருத்தி கைபேசியில் அழைத்தாள்.

“நான் ஏணி பேசுறேன். கேள்விப்பட்டேன். வந்து பாக்கட்டுமா? வேணாம்னா சொல்லுங்க, ஒண்ணுமில்ல.”

அக்கா எழுந்து உட்கார்ந்தார். அத்தனை பேர் வந்திருந்தார்கள். வரலாமா என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். வா என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் முடியில்லாத தலை தெரிந்தது. இந்தக் கோலத்தில் இவள்முன் வேண்டாம், இவள்முன் மட்டும் வேண்டாம்.

“இப்ப வேணாம்மா. கொஞ்சம் தேறினதும் நானே கூப்பிடுறேன்.”

“சரி அக்கா. நீங்க கூப்பிட்டதும் வரேன்.”

அக்கா. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் அன்று இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார். அவளைப் பார்த்ததும் குழந்தையைப் பற்றிப் பேசக்கூடாது, ஆட்டத்தைப் பற்றியும் பேசக்கூடாது, முதல் வார்த்தையே மன்னிப்பாக இருக்க வேண்டும் என்று தம்பி மனைவியிடம் சொல்லி வைத்தார். ஆனால் தேறவில்லை. கைபேசியை எடுப்பார், வைப்பார்.

“நான் கூப்பிட்டு வரச் சொல்லட்டுமா அண்ணி?”

“வேணாம். அவ விஷயத்துல எனக்காக யாரும் எதுவும் பேசவேணாம்.” பிறகு, “அவளே இன்னொரு தடவ கேட்டா வான்னு சொல்லிடுவேன்” என்றார்.

அவள் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவரை இரண்டாம் தடவை தொந்தரவு செய்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. மழை தொடங்கிய வாரத்தில் அக்கா பேச்சிழந்தார். பேசாத அந்த நாட்களிலும் படியில் யார் ஏறினாலும் கண் வாசலுக்குப் போனது என்றார்கள்.

சாவுச் செய்தி கேட்டு ஏணி வந்தாள். கூடியிருந்த எல்லோரையும்விட ஒரு தலை உயரமாகக் கூடத்தின் ஓரத்தில் நின்றாள். தம்பி மனைவி அவள் கையைப் பற்றிக்கொண்டு அழுதார்.

“உன்னத்தாம்மா தேடினாங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போயிருக்கக் கூடாதா?”

“நான் கேட்டேனே” என்றாள் ஏணி. “இப்ப வேணாம்னு சொன்னாங்களே.”

“சொன்னாங்கதான்” என்றார் அந்த அம்மாள்.