உப்புப் போட்ட ஐஸ்

காலை பத்து இருபது. வவுனியா ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் தியேட்டரின் கதவு ஒரு சாண் திறந்தது. முதலில் தெரிந்தது கையுறை போட்ட ஒரு கை. அதில் ஊதா மூடியிட்ட மூன்று கண்ணாடிக் குழாய்கள். மூன்றிலும் அக்காவின் இரத்தம்.

அக்காவுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, கண்டிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துவந்த நாலாவது வருடம் அது. கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பிகள் வீங்கி, எலும்பிலிருந்த கல்சியத்தை உருவிக்கொண்டிருந்தன. ஓர் இருமலில் விலா எலும்பு முறிந்திருந்தது. மாதத்தில் மூன்று நாள் வந்துபோகும் நிபுணர் ஒருவர் அறுவைக்கு ஒப்புக்கொண்டார்.

அவர் வெளியே வந்து சொன்னார். நாலு சுரப்பிகளில் மூன்றை எடுத்தாயிற்று. நாலாவது கண்ணில் படவில்லை. வெட்டுமுன், இடையில், முடிவில் எடுத்த இரத்தத்தில் அந்தச் சுரப்பிகளின் ஹோர்மோன் இறங்கியிருந்தால் போதும். இல்லாவிட்டால் திரும்பத் திறந்து தேடவேண்டும்.

"வெளிநாட்டில எண்டால் ஆளை மேசையில வைச்சுக்கொண்டே மெஷினில பாத்திடுவினம். இஞ்ச கொழும்புக்கு அனுப்பவேணும். நான் சனிக்கிழமை காலமை போறன். அதுக்குள்ள மறுமொழி வந்தால் திறக்கலாம். பிந்தினால் உள்ளுக்க எல்லாம் ஒட்டிப்போடும்."

அன்று வியாழன்.

"குளிர் விடாமக் கொண்டுபோங்கோ" என்றார் தாதி.

பெட்டியைக் கட்டியவர் அத்தான், அக்காவின் கணவர். முல்லைத்தீவில் மீன் வியாபாரம் செய்தவர். போரில் இடம்பெயர்ந்து வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் இருந்தார். மீன் அடைக்கும் வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டியில் ஐஸை நொறுக்கிப் போட்டு, இரண்டு கை உப்பைத் தூவினார்.

"உப்பு எதுக்கு அத்தான்?"

"உப்பில்லாட்டி மதவாச்சி தாண்டமுன்னம் குளிர் விட்டுடும். உமக்குப் பேப்பரில மீன் விலை எழுதத்தான் தெரியும்."

காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். கொழும்புக்குப் போக இராணுவம் தரும் பாஸ், பத்திரிகையில் வேலை என்பதால் எனக்குத்தான் கிடைத்திருந்தது. அவருக்கு இல்லை.

சோதனைச்சாவடியில் பெட்டியைத் திறந்த சிப்பாய் ஒரு குழாயைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

மாலை ஏழு பத்துக்குக் கொழும்பு ஆய்வுகூடத்துப் பெண் குழாயை விளக்குக்கு நேரே பிடித்துச் சரித்தார். இரத்தம் அசையவில்லை.

"ஐஸ்ல உப்புப் போட்டீங்களா? உப்புப் போட்டா ஐஸ் இன்னும் குளிராகும். இரத்தமே ஐஸாகிட்டுது. அணுவெல்லாம் உடைஞ்சிருக்கும். இதில ஒண்டும் பார்க்க ஏலாது. புதுசா எடுத்துக்கொண்டு வாங்க."

நான் வவுனியா திரும்பியபோது வெள்ளி மதியம். அடுத்த பாஸ் எடுக்க இரண்டு நாளாகும். நிபுணரிடம் சொன்னேன். மேசையில் எடுத்த இரத்தத்தைத் திரும்ப எடுக்க முடியாது, மறுமொழி இல்லாமல் கழுத்தைத் திறக்கவும் முடியாது என்றார். யாரையும் குறை சொல்லவில்லை.

வார்ட்டில் அக்கா கழுத்துக் கட்டோடு உறங்கிக்கொண்டிருந்தார். அத்தான் வாசலில் நின்றார்.

"ஐஸ் கரைஞ்சதோ?"

"இல்லை அத்தான். கரையேல்லை."

"சொன்னனான் எல்லே."

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நிபுணரின் வாகனம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியது.