மதகுக்கார வைமார்க்

எங்கள் துரை வீட்டைச் சுற்றி ஓர் அகழி உண்டு. அதைத் தாண்டி எந்த எதிரியும் வந்ததில்லை. பக்கத்து ஊர்த் துரை வெட்டிவிட்டார் என்று எங்கள் துரையின் தகப்பனாரும் வெட்டினார். அதாவது, எங்களை வெட்ட வைத்தார். அதன் மதகு வைமார்க் பொறுப்பு. தண்ணீர் குறையக் கூடாது, இறைச்சி விலக்கும் தவக்காலத்துக்கென்று வளர்க்கும் மீன் ஓடிவிடக் கூடாது. மனைவி இறந்தபின் அவன் ஊரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். பேச்செல்லாம் மகள் ஹவீஸிடம்தான்.

தவக்காலம் தொடங்கிய வாரம், வாத்து முட்டை தேடிப் போன அந்தப் பிள்ளை பாலத்தடியில் மூழ்கிக் கிடந்தாள். முதலில் கண்டவன் வைமார்க்.

சட்டப்படி, பிணத்தை முதலில் கண்டவன் கூவி ஊரைக் கூட்ட வேண்டும். அரசரின் விசாரணை அதிகாரி வந்து பார்க்கும்வரை உடலை அசைக்கக் கூடாது. அசைத்தால் அவனுக்கும், பக்கத்து நான்கு வீட்டுக்காரர்களுக்கும் தண்டனை. அந்த நால்வரில் நானும் ஒருவன். ஓடிப்போய்ப் பார்த்தோம். தண்ணீருக்கடியில் அவள் முகம் தெரிந்தது.

அதிகாரி வர இரண்டு மூன்று நாளாகும் என்றார் துரையின் காரியஸ்தர். "பேசாம கரையில உக்காரு, வைமார்க். நீ தொட்டா நாலு குடும்பம் நாசமாப் போகும்."

வைமார்க் எங்கள் நால்வரையும் பார்த்தான். 'பிள்ளைய வெளிய தூக்கு, வர்றது வரட்டும்' என்று ஒருவரும் சொல்லவில்லை. எழுந்து மதகுக்குப் போய்ப் பலகையை உருவி எறிந்தான்.

பொழுது சாய்வதற்குள் அகழி சேறாகிவிட்டது. மீனெல்லாம் ஓடையோடு போயிற்று. காரியஸ்தர் ஆத்திரத்தில் குதித்தார்.

"பிள்ளை மேல என் விரல்கூடப் படல," என்றான் வைமார்க். "தண்ணியத்தான் அனுப்பிட்டேன்."

அதிகாரி வரும்வரை சேற்றில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சத்தம் போட்டுக் காக்கை விரட்டினான். தொட்டுவிடுவோமோ என்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான்.

அதிகாரி வந்து பார்த்தார். உடல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. யார்மேலும் குற்றமில்லை, தூக்கலாம் என்றார். நாங்கள் நால்வரும் சேற்றில் இறங்கினோம்.

"நீங்க தொட வேணாம்," என்றான் வைமார்க். "நாலு குடும்பம் நாசமாப் போகும்."

தானே தூக்கிப் போனான்.

மீன் போன கோபத்தில் துரை அவனிடமிருந்து மதகையும் நிலத்தையும் பறித்தார். சாகும்வரை கூலி வேலைதான். எங்கள் நான்கு வீட்டு வாசலையும் அவன் அதன்பின் மிதிக்கவில்லை.

போன மாதம் அவனை ஹவீஸ் பக்கத்தில் புதைத்தோம். வேறு சொந்தம் இல்லாததால் பாடையைச் சுமந்தது நாங்கள் நால்வர்தான். வேண்டாம் என்று சொல்ல இம்முறை அவனால் முடியவில்லை.