தலைக்கட்டில் இல்லாதவர்கள்

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். சட்டம் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறது. உறுப்பினருக்குக் கணவர் உயிரோடு இருக்க வேண்டும் என்றோ, கோயில் திருவிழாவுக்கு வரி கட்டியிருக்க வேண்டும் என்றோ துணை விதி எதுவும் கிடையாது. நான் ஊரக வளர்ச்சித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த விதியை எத்தனையோ கூட்டங்களில் ஒலிபெருக்கியில் வாசித்திருக்கிறேன். யாரும் மறுத்ததில்லை. யாரும் காதில் வாங்கியதும் இல்லை.

கோட்டையூருக்கும் கண்டனூருக்கும் இடையில் எங்கள் ஊர் ஒரு சிறிய ஊராட்சி. முன்தெருவில் பெரிய வீடுகள். அவற்றில் பெரும்பாலானவை கல்யாணத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் மட்டும் திறக்கும். அந்த வீடுகளின் முதுகுக்குப் பின்னால் பின்தெரு. அங்கேதான் ஊர் உண்மையில் குடியிருக்கிறது. என் வீடும் அங்கேதான். முன்தெருவில் தார்ச்சாலை, பின்தெருவில் செம்மண். வெயிலில் அது மணல், மழையில் அது சேறு.

எனக்கு எதிர்வீட்டுக்காரி ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் வேலை செய்கிறவள். கணவன் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள். பிறவியிலேயே கால்கள் வளராததால் சக்கர நாற்காலியில் இருப்பவள். பிளஸ் டூவில் அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்குக் காரைக்குடியில் கல்லூரி இடம் கிடைத்தது, கணினி அறிவியல். தினமும் கொண்டுபோய் விடுவதற்கு ஆட்டோக்காரர் ஒருவரும் கிடைத்தார். ஒரே நிபந்தனை வைத்தார்.

"தார் ரோடு வரைக்கும் புள்ளயக் கொண்டாந்துருங்கத்தா. மணலுக்குள்ள எறங்குனா என் வண்டிய அப்பறம் நீங்கதான் தள்ளணும்."

ஆக அந்தப் பெண் படிப்பதும் படிக்காததும் பின்தெருவில் கூப்பிடு தூரத்துக்குச் சிமெண்ட் போடுவதில் வந்து நின்றது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊராட்சியைச் செயற்கை நுண்ணறிவுச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். திட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து விளக்கினாள். கிராம சபைக்கு முன் ஊரில் எல்லோரும் வீட்டில் இருந்தபடியே போனில் தங்கள் குறையைப் பேச்சு வழக்கிலேயே சொல்லலாம். இயந்திரம் கேட்டுத் தொகுக்கும். முடிவாக ஒரு வேலையை ஆதரிக்கும் முன்பு, மற்ற வேலையைக் கேட்டவரின் கஷ்டத்தை அவர் சொற்களிலேயே ஒவ்வொருவரும் கேட்டாக வேண்டும். அதன் பிறகே கருத்துச் சொல்ல முடியும். எல்லோருடைய கருத்தையும் சமமாக எடை போட்டு இயந்திரம் ஒரு தீர்மானத்தை முன்வைக்கும். கிராம சபை அதை ஏற்கும்.

சிரிக்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த ஒரு விதி என்னைப் பிடித்துவிட்டது. அடுத்தவன் கஷ்டத்தைக் கேட்காமல் கருத்துச் சொல்ல முடியாது. நான் வேலை பார்த்த காலமெல்லாம் கிராம சபை என்றால் நான்கு ஆண்கள் பேசுவார்கள், ஓரமாக உட்கார்ந்த பெண்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நூறு நாள் வேலைக்குப் போவார்கள். குரல் உயர்ந்தவனுக்கு ஊர் பணியும். அந்த வயதிலும் எனக்கு ஒரு கற்பனை வந்தது. குரலை உயர்த்தவே தெரியாதவளுக்கும் அதே மைக், அதே நேரம். ஒரு வாரம் நல்ல மனிதனாக நடமாடினேன். என் மனைவிக்குக் கவலையே வந்துவிட்டது.

ஊராட்சி நிதியில் அந்த வருடம் ஒரு வேலைதான் முடியும். இரண்டு கோரிக்கைகள் மேலே வந்தன. ஒன்று பின்தெருவுக்குச் சிமெண்ட் சாலை. மற்றொன்று ஊர் எல்லையில் அலங்கார வளைவு.

எதிர்வீட்டுக்காரி என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்துதான் போனில் பேசினாள். முதலில் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கிட்ட என்னய்யா சொல்றது? ஆளு யாருன்னே தெரியல" என்றாள். பிறகு பேசினாள். மகள் உயரம் கூடக்கூடத் தூக்க முடியவில்லை என்றாள். பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்து இடுப்பு போய்விட்டது என்றாள். "நான் இருக்க மட்டும் தூக்குவேன். அதுக்குள்ள அவ ஒரு வேலைக்குப் போயிறணும்" என்றாள். இயந்திரம் கனிவாக, "உங்கள் வலி எனக்குப் புரிகிறது அம்மா" என்றது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"புரியுதாம்யா."

கிராம சபை அன்று அறிக்கையைத் திரையில் காட்டினார்கள். ஊரிலேயே கடுமையான கஷ்டம் என்று அவளுடைய பேச்சைத்தான் இயந்திரம் முதலில் எழுதியிருந்தது. அழகாக, ஒரு பிழை இல்லாமல். அதன் கீழே முடிவு: பெரும்பான்மைக் குடும்பங்களின் விருப்பம், வளைவு.

கை தட்டினார்கள். நான் எழுந்து, பின்தெரு முழுக்கச் சாலை கேட்டிருக்கும்போது பெரும்பான்மை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். திட்டத்துப் பெண் நிதானமாக, "ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே மதிப்பு சார். வீட்டுப் பட்டியல் தலைவர் சார் குடுத்தது" என்றாள்.

ஊராட்சித் தலைவர் கொடுத்தது திருவிழா வரிக்கான தலைக்கட்டுக் கணக்கு. எங்கள் பக்கத்தில் கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி, முதல் மரியாதை, ஊர்ப் பந்தியில் இலை, எல்லாம் அதன்படிதான். கணவன் போனால் தலைக்கட்டும் போயிற்று. ஆனால் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்து வரி அனுப்புகிறவர்களுக்கு உண்டு. அவர்களும் அங்கிருந்தே போனில் பேசியிருந்தார்கள். கும்பாபிஷேகத்துக்குக் காரில் வரும்போது எல்லையில் ஒரு வளைவு இருந்தால் நன்றாக இருக்குமாம். பூட்டிய வீடுகளுக்கெல்லாம் குரல் இருந்தது. விளக்கு எரிகிற வீடுகளில் பாதிக்கு இல்லை. பின்தெருவில் கணவனை இழந்தவர்களும், கணவன் விட்டுப் போனவர்களும் 'பிறர்' என்ற தலைப்பின் கீழ் இருந்தார்கள். அவர்களுக்காக இயந்திரம் உருகியது. எடை போடும்போது மட்டும் சேர்க்கவில்லை.

தலைவர் கெட்டவரல்லர். மோசடியும் செய்யவில்லை. வீடுகள் எவை என்று கேட்டார்கள். ஊரில் வீடு என்றால் என்ன அர்த்தமோ அதைக் கொடுத்தார். வாக்காளர் பட்டியல் அவருக்குப் பின்னால் இருந்த பீரோவில் இருந்தது. கூட்டம் முடிந்ததும் போய், அதை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"சார், சாமி காரியத்துக்கே இந்தக் கணக்குத்தான். ரோட்டுக்கு மட்டும் வேற கணக்கா கேக்குறீக?"

"சட்டம் வேற கணக்குத்தான் கேக்குது."

"சட்டம் நம்மூருல வந்து குடியிருக்கட்டும் சார், அதையும் ஒரு தலைக்கட்டா சேத்துக்குவோம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். எனக்கே ஒரு நொடி சிரிப்பு வந்தது.

எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னபோதுதான் உண்மையாகவே மனம் விட்டுப்போனது. அவளுக்கு வருத்தம் இருந்தது, வியப்பு இல்லை.

"அதுல நான் எப்பிடிய்யா வருவேன்? அவுக போனதோட போச்சுல்ல."

"வாக்காளர் பட்டியல்ல உன் பேரு இருக்கு ஆத்தா. அதுதான் கணக்கு."

"அது ஓட்டுக்கு. இது ஊருக்குல்ல?" என்றாள், படித்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல.

மனு எழுதினேன். இயந்திரத்தின் முடிவை நிறுத்திவைத்து, வாக்காளர் பட்டியலின்படி மறுபடி எடை போட வேண்டும் என்று. இணையத்தில் பதிந்தேன், சிவகங்கையில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று நேரிலும் கொடுத்தேன். மனுக்களைப் பிரிப்பதும் இப்போது இயந்திரம்தான். என் மனுவை ஒரு நொடியில் படித்து, என் ஆதங்கம் நியாயமானது என்று பதில் அனுப்பி, அறிக்கை கேட்டு உரிய அலுவலருக்கு அனுப்பியது. அந்த உரிய அலுவலர் எங்கள் ஊராட்சித் தலைவர். யார் மேல் புகாரோ அவரிடமே அறிக்கை கேட்பது எங்கள் துறையின் பழைய பழக்கம். நானும் அப்படித்தான் அனுப்புவேன். இயந்திரம் எங்கள் கோப்புகளைப் படித்து வளர்ந்த பிள்ளை. வேறு எப்படி இருக்கும்?

நினைவூட்டல், மேல்முறையீடு, தகவல் உரிமை என்று எனக்குத் தெரிந்த எல்லாக் கதவுகளையும் தட்டினேன். எல்லாக் கதவுக்குப் பின்னாலும் அதே கனிவு.

கல்லூரி திறந்தது. காலையில் தாய் நாற்காலியை மணலில் தள்ளுவாள், சக்கரம் புதையும், அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து தூக்கிக் கொடுப்பார்கள். நானும் ஒரு பக்கம் பிடிப்பேன், பிடிப்பதைவிட மூச்சு வாங்குவதுதான் அதிகம். அந்தப் பெண்ணுக்கு வாய் நீளம்.

"அந்த போன் ஆப்புக்கு என் மேல ரொம்பப் பாசம்யா. ரோடு மட்டும் போடாது."

"போட வைப்பேன்."

"நீங்க மனுப் போட்டே எங்கம்மா இடுப்பச் சரி பண்ணிருவீக."

பட்டறைக்குத் தாமதமாகப் போய்த் தாய்க்குப் பாதிக் கூலி. பிறகு மழை பிடித்தது. ஒரு காலையில் நாற்காலி சாய்ந்து இருவரும் சேற்றில் விழுந்தார்கள். தாய்க்கு இடுப்பு பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. முழுக்கச் சேறோடு மகள்தான் கத்தி ஆள் கூப்பிட்டாள். ஆட்டோக்காரர் புதிதாகக் கட்டிய வளைவுக்குக் கீழே, நனையாமல் காத்திருந்தார். மறுநாள் அவரை வர வேண்டாம் என்று சொன்னது அந்தப் பெண்தான். என்னிடமும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"எங்கம்மாவ வேணாம்னு சொல்ல வைக்க முடியாதுய்யா. அதான் நானே சொல்லிட்டேன்."

வருகைப் பதிவு குறைந்ததால் தேர்வுக்கு அனுமதி இல்லை என்று கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. அதுவும் விதிதான். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் என் மனுவுக்கும் பதில் வந்தது. மனு ஏற்கப்பட்டது. கிராம சபை உறுப்பினர் என்பவர் வாக்காளர் பட்டியலில் உள்ளவரே என்பது சரி. இனி வரும் கூட்டங்களில் அதுவே பின்பற்றப்படும். வளைவுப் பணி நிறைவடைந்துவிட்டதால் சாலைப் பணி அடுத்த ஆண்டில், நிதி நிலையைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும். தங்கள் வலி எங்களுக்குப் புரிகிறது. பதிலின் தலையில் தேதி இருந்தது. ஐப்பசி மழை கொட்டிய திங்கட்கிழமை, அந்தக் கல்லூரியில் முதல் பருவத் தேர்வு தொடங்கிய நாள்.