தூங்குகிறவருக்காக ஓடிய படகு

அன்று காலை முதல் வேலையாகக் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து உதறினேன். சுரங்க நகரியத்தில் எங்கள் பிளாக்கில் வெளியே கிடந்த துணியை, நிலக்கரித் தூசியை உதறாமல் மடிக்க முடியாது. கணவரின் யூனிபார்ம் சட்டையை இரண்டாவது தடவை உதறும்போது போன் அடித்தது. ரியாஸ். ஹபீபாக்காவின் மகன். சென்னையில் வேலை பார்ப்பவன், அந்த நேரத்தில் கூப்பிடுகிறவன் அல்ல.

"செல்வியக்கா, அம்மா மவுத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு உக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம். நான் வந்துகிட்டே இருக்கேன். நீங்க கொஞ்சம் முன்னாடி போறீங்களா? அத்தா தனியா இருக்காங்க."

சட்டையை அப்படியே கொடியில் போட்டேன். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வடக்குத்து ஊரில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவர் கரீம் பாய் கட்டிலருகே நாற்காலி போட்டு நேராக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா. சத்தமே இல்லாம போய்ட்டா பாரு" என்றார். அந்த வார்த்தையை அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று அறிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர்தான். ஒருவர் சொன்னவர். இன்னொருவர் கட்டிலில் இருந்தார்.

எங்கள் நகரியத்தில் ஹபீபாக்காவை இரண்டு விதமாக அறிந்திருந்தார்கள். அலுவலகத்துக்காரர்களுக்கு அவர் தபால் பிரிவின் ஹபீபுன்னிசா மேடம். மற்றவர்களுக்கு, ஓய்வுபெற்ற வயதில் மோட்டார் படகு வாங்கிக் கணவரை ஏற்றிக்கொண்டு சுற்றிய 'யாட் பாயம்மா'. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்கள் பலர். முதலில் நானும் சிரித்தேன். அதற்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இருபத்து நான்கு வயதில் நான் வேலையில் சேர்ந்தபோது எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. முதல் வாரமே ஒரு கடிதத்தை மாற்றி அனுப்பிவிட்டுத் திட்டு வாங்கினேன். அழுதபடியே உறைகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். அக்கா தலையைத் தூக்காமல் சொன்னார்: "அழுதுகினே ஒட்டாத செல்வி. பசை மிச்சமாவுதுன்னு அடுத்த மாசம் பசைய நிறுத்திடுவாங்க." சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் ஓய்வுபெறும்வரை இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம்.

கரீம் பாய் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நிலக்கரிக்குக் கீழே பூமிக்குள் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதைப் பகலிலும் இரவிலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே மனிதர்களும் இயந்திரங்களும் நிற்க முடியும். முப்பத்தாறு வருடம் பாய் அந்த மோட்டார்களின் சத்தத்துக்குள் இருந்தார். சத்தம் இருந்தால் எல்லோரும் நலம். சத்தம் நின்றால் ஓட வேண்டும். வேலையில் இருந்தவரை வீட்டில் நன்றாகத்தான் தூங்கினார். தான் இல்லாத நேரத்தில் வேறொருவர் அங்கே காது கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடக்குத்தில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போனதும் தூக்கம் போய்விட்டது. கண் மூடுவார், பத்து நிமிடத்தில் திடுக்கிட்டு எழுவார். லுங்கியோடு தெருமுனை வரை போய் நின்று, மோட்டார் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பார். மாத்திரைகள் பலிக்கவில்லை. எட்டு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். வாக்கியங்களை நடுவில் விட்டுவிடுவார். ஒருநாள் பண்ருட்டிப் பேருந்தில் ஏறிவிட்டு எங்கே இறங்குவது என்று மறந்துபோனார். இவர் இப்படியே போய்விடுவார் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா என்னென்னவோ செய்து பார்த்தார். ஒருநாள் மதிய உணவின்போது சொன்னார்: "கிரைண்டர வெறுமனே ஓட வுட்டேன் செல்வி. சத்தம் கேட்டா தூங்குவாருன்னு. தூங்கவும் தூங்கனாரு, கால் மணி நேரம். அப்பறம் எழுந்து வந்து, 'பேரிங் போயிருக்குடி'ன்னு அதப் பிரிச்சிப் போட்டுட்டாரு. இப்ப வூட்ல மாவும் இல்ல, தூக்கமும் இல்ல."

அக்கா ஓய்வுபெற்றபோது எங்கள் பிரிவினர் எல்லோருமாகப் பிச்சாவரம் போனோம். பாயும் வந்திருந்தார். மோட்டார் படகில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். அக்கா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பாய் பலகையில் சாய்ந்து, வாய் சற்றுத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். படகு திரும்பிக் கரைக்கு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை. படகுக்காரரிடம் மெல்லிய குரலில், "இன்னொரு ரவுண்டு போப்பா. எஞ்சின நிறுத்தாத" என்றார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. கரையில் நின்றவர்கள், "அக்காவுக்கு ரிட்டையர்மென்ட் பணம் வந்துருச்சுப்பா!" என்று கத்திக் கேலி செய்தார்கள். நான் அக்காவோடு படகிலேயே இருந்தேன். அந்த முகத்தில் இருந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. கணவரின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்தில் படகு வாங்கிவிட்டார். புதுச்சேரிப் பக்கம் யாரோ ஓட்டிக் கைவிட்ட பழைய வெள்ளைப் படகு. உள்ளே சின்ன அறை, எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள், கார் போல ஸ்டியரிங். 'மோட்டார் யாட்', அதாவது உல்லாசப் படகு, என்று பக்கவாட்டில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. "யாட்டாம், யாட்டு! மழை பேஞ்சா உள்ளதான் மொதல்ல பேயுது" என்பார். கடலூர் முதுநகரில் உப்பனாற்றுக் கரையில் ஏழுமலை என்ற மீனவர் தன் வீட்டுக்குப் பின்னால் படகைக் கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். முதல் நாள், படகு நேராகப் போகாமல் தாழம்புதரில் போய் முட்டியதாம்.

"பாயம்மா, இது தோசை திருப்பற வேலை இல்ல" என்றாராம் ஏழுமலை.

"உனக்குத் தோசை திருப்பத் தெரியுமா? தெரிஞ்சிகினு வந்து பேசு" என்றாராம் அக்கா.

மூன்று மாதம் கழித்து ஏழுமலை என்னிடம் சொன்னார்: "எங்க ஆளுங்க அவசரத்துல திருப்புவானுங்க. பாயம்மா திருப்பனா தண்ணிக்கே தெரியாது."

திங்களும் வியாழனும் முதல் பேருந்தில் இருவரும் முதுநகர் போவார்கள். டிபன் கேரியர், தண்ணீர், பாய்க்குத் தலையணை. புர்காவுக்கு மேலே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு அக்கா ஸ்டியரிங்கில் உட்காருவார். உப்பனாறு கடலை ஒட்டியே தெற்கு வடக்காகக் கிடக்கிறது. கிழக்கே மணல்மேடும் சவுக்கும், அதற்கு அப்பால் கடலின் இரைச்சல். மேற்கே இறால் குட்டைகள். நடுவில் அந்த டீசல் எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருக்கும். பாலத்தைத் தாண்டுவதற்குள் பாய் தூங்கிவிடுவார். அந்தத் தூக்கத்தை வைத்துத்தான் வாரத்தின் மீதி நாட்களை அவர் தள்ளினார். மழை ஓய்ந்த மாதங்களில் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து தெற்கே போவார்கள். பொழுது சாய்வதற்குள் ஏதாவது ஊர்க் கரையில் கட்டிவிடுவார்கள். நண்டு பிடிப்பவர்கள் கையசைப்பார்கள். பார்ப்பவர்களுக்கு அது ஒரு வயதான தம்பதியின் உல்லாசப் பயணம். கணவன் சொகுசாகத் தூங்க, மனைவி படகு ஓட்டுகிறாள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சுரங்கத்தில் இறைக்கும் தண்ணீர் பரவனாற்றில் விழுந்து, ஏரி தாண்டி, கடைசியில் இந்த உப்பனாற்றுக்குத்தான் வருகிறது. அக்காவுக்கு அதில் ஒரு தனிப் பெருமை. "அவரு இறைச்ச தண்ணியிலயே அவர தூங்க வெக்கறேன் பாரு" என்பார்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை நானும் போவேன். ஒருமுறை அறுந்த வலை ஒன்று எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டு படகு நின்றுவிட்டது. பாய் துள்ளி எழுந்தார். "எந்த பம்ப்பு?" என்று கேட்டபடி டூல்ஸ் பெட்டியைத் தேடினார். எங்கே இருக்கிறோம் என்று அவருக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. "ஒண்ணுமில்லீங்க. நான் பாத்துக்கறேன். படுங்க" என்று நெற்றியில் கை வைத்துச் சாய்த்தார். அந்தக் கை ஈரமாக இருந்தது. தண்ணீர் ஈரம் அல்ல, வியர்வை. அப்போதுதான் கவனித்தேன். படகு கிளம்பியதிலிருந்து அவர் உதடுகள் எதையோ ஓதிக்கொண்டே இருந்தன.

"பயமா இருக்காக்கா?"

"பின்ன? கெணத்த எட்டிப் பாத்தாலே எனக்கு மண்ட சுத்தும். நீச்சலும் தெரியாது. ஏறுனதுலேர்ந்து எறங்கற வரைக்கும் வவுறு கலக்கிகினேதான் இருக்கும்."

"இத்தனை வருஷமாவா?"

"ஆமா."

"பாய்க்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? அவருதான் தூங்கறாரே."

மகனிடமும் பொழுதுபோக்கு என்றே சொல்லியிருந்தார். "அத்தாவுக்குத் தூக்கமில்லன்னு தெரிஞ்சா வேலைய வுட்டுட்டு வந்து நிப்பான்" என்றார். என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஏறக்குறையப் பத்து வருடம், வாரத்துக்கு இரண்டு தடவை, அந்தப் பயத்தை மிதவைச் சட்டையோடு சேர்த்து மாட்டிக்கொண்டு ஒரு மனுஷி தண்ணீரில் இறங்கியிருக்கிறார். உலகத்தில் பெரிய மலைகளையும் கோபுரங்களையும் பார்த்து மலைத்தவர்கள் இருக்கிறார்கள். நான் மலைத்து நின்றது இதைப் பார்த்துத்தான்.

சென்ற மாதம் கடைசியாக அவர்களோடு போனேன். மணல்மேடு உயர்ந்து காற்று அடங்குகிற ஒரு வளைவு உண்டு. அங்கே வந்ததும் அக்கா என்னைப் பார்த்தார். "ஒண்ணு செஞ்சி பாக்கட்டுமா செல்வி?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

திடீரென்று உலகமே காலியானதுபோல் இருந்தது. படகின் வயிற்றில் தண்ணீர் தட்டும் ஒலி. மேட்டுக்கு அப்பால் கடல். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாயைப் பார்த்தோம். அவர் அசையவில்லை. கண் மூடியபடியே இருந்தது. மார்பு சீராக ஏறி இறங்கியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஒரு நீர்க்காகம் பக்கத்தில் முங்கி வெகு தூரத்தில் எழுந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்கு மேல் கண்ணீர் வழிந்தது.

"செல்வி, அவரு ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சி" என்றார்.

அதன் பிறகு மூன்று வாரம்கூட அக்கா இல்லை.

இறந்தவருக்காக ஓதும் மூன்றாம் நாள் பாத்திஹாவுக்குப் போனேன். ரியாஸ் என்னைத் தனியே அழைத்தான். நல்ல பிள்ளை. அழுது முகம் வீங்கியிருந்தது. "அக்கா, அத்தா மூணு நாளா கண்ண மூடல. எங்கூடச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். என் பிளாட் பதினோராவது மாடி, ஒரு சத்தமும் வராது. நிம்மதியாத் தூங்குவாங்க. படகையும் யாருக்காவது குடுத்துடலாம். அத்தா நீங்க சொன்னா கேப்பாங்க. சொல்றீங்களா?"

"சொல்றேன் தம்பி" என்றேன். அந்த வளைவில் பார்த்ததை நினைத்துத்தான் சொன்னேன். சத்தம் இல்லாமலும் பாயால் தூங்க முடியும், துக்கம் மாத்திரம் ஆற வேண்டும் என்று நம்பினேன்.

பாய் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே உட்கார்ந்திருந்தார். கண்கள் செங்கல் நிறத்தில் இருந்தன. நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"அன்னிக்கி அவ எஞ்சின நிறுத்தனா இல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நின்ன ஒடனே முழிச்சிகினேன்மா. ஒடம்பு அப்படியே தூக்கிப்போட வந்துச்சி. அடக்கிகினேன். கண்ணத் தொறக்கல. அவ எதுக்கு நிறுத்தனான்னு தெரியும். பத்து வருசமா பயந்துகினே ஓட்றா. ஓதறது காதுல வுழாதா எனக்கு? பம்ப்பு சத்தத்துலயே பேரிங் தேயறதக் கேட்ட காதும்மா இது. நான் போதும்னு சொன்னா, தூங்காம செத்துடுவேன்னு இன்னும் பயப்படுவா. அதான், தூங்கற மாதிரியே கெடந்தேன். அவ அழுதா பாரு, சந்தோசமா. அது போதும்னு இருந்துச்சி."

தொட்டி விளிம்பில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். "இதை எழுதலாமா பாய்?" என்று கேட்டேன்.

"எழுதும்மா. மறைக்க வேண்டியவ போய்ட்டாளே."

ஆகவே எழுதுகிறேன். ஒருவர் பயத்தை மறைத்து ஓட்டினார். இன்னொருவர் விழிப்பை மறைத்துப் படுத்திருந்தார். இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்து, எல்லாம் தெரிந்தவள்போல் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஹபீபாக்கா, உங்களை மண்ணில் இறக்கிய இடம் முந்திரி நிழலில் குளிர்ச்சியாக இருக்கிறது என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். அங்கே உங்களுக்கு வயிறு கலங்காது. நன்றாகக் கண் அயருங்கள்.

ரியாஸிடம் நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப்போவதில்லை. அந்தப் பதினோராவது மாடி பாய்க்கு என்ன செய்யும் என்று இப்போது எனக்குத் தெரியும். சனிக்கிழமை முதுநகர் போய், ஏழுமலையிடம் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளப்போகிறேன். என் கணவருக்கும் பாய்க்கும்கூட இது இன்னும் தெரியாது.